உன் பென்ஸ் காரின் பின் சீட்டு

கனகசபை மச்சான், ஊசி பிடித்த கையாலேயே ஸ்பானரும் பிடித்த என் தங்கச்சி புருஷனே,

எங்கே இருந்தாலும் கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டுக் கொஞ்சம் கேள். முந்தநாள் காலை உன் காரின் பின் சீட்டைத் தூக்கினேன். அதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. சோற்றைப் பிசைந்தால் பாதி பாயில் விழுகிறது.

எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல இன்னொரு கை எழுதுகிறது. அது யாருடைய கை என்பதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்கிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. உன் மகள் சுதாவுக்குக் கலியாணம். மாப்பிள்ளைக்கு மின்சார வேலை, களுதாவளைப் பக்கம். நல்ல பொடியன், கதைத்தால் தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறான். தை பிறந்ததும் முகூர்த்தம். தகப்பனும் தாயும் இல்லாத பிள்ளை என்று யாரும் குறை சொல்லாதபடி தாய்மாமன் நான் நின்று எல்லாம் செய்கிறேன்.

மாப்பிள்ளை வீட்டார் பட்டணத்திலிருந்து புதுக் கார் பிடித்துத் தருவதாகச் சொன்னார்கள். சுதா ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "அப்பாட காரில எத்தனை கலியாணப் பொம்பிளைகள் போயிருக்காங்க. நான் மட்டும் என்னத்துக்கு வேற காரில போகணும்?" என்று கேட்டாள். ஆகவேதான், மச்சான், இந்த வயதில் சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடியும் உன் காருக்குக் கீழே படுத்தேன்.

இந்தக் கடிதத்தை ஊராரும் வாசிக்கப்போகிறார்கள், அவர்களில் பலருக்கு உன்னைத் தெரியாது. ஆகவே கொஞ்சம் பழையதும் சொல்ல வேண்டும். நீ புளியந்தீவில் தையல் கடை வைத்திருந்தவன். உன்னிடம் கோட்டு தைக்கிற ஒரு டொக்டர் வெளிநாடு போகும்போது தன்னுடைய பழைய வெள்ளைப் பென்ஸ் காரை உன் தலையில் கட்டிவிட்டுப் போனார். அது ஓடாத கார். அதைத் தள்ளிக்கொண்டுதான் கடை வாசலுக்குக் கொண்டுவந்தாய். தையல்காரனுக்குப் பென்ஸாம் என்று பட்டணமே சிரித்தது.

என் தங்கச்சி பூமணி எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தாள். "சாறன் கட்டிக்கிட்டு பென்ஸ் ஓட்டுற மனிசன எங்கயாவது கண்டிருக்கிறீங்களா அண்ணே?" என்று என்னிடம் கேட்டாள். கேட்டுவிட்டுப் பின் சீட்டில் ஏறிக் காலுக்கு மேல் கால் போட்டு இருந்துகொண்டாள். முன் சீட்டில் அவள் ஒருநாளும் இருந்ததில்லை. பின் சீட்டில் இருந்தால்தான் பென்ஸில் போகிற மாதிரி இருக்குமாம்.

உனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. "மச்சான், இந்தக் கார ஒருத்தன்ட கையிலயும் குடுக்கப்படாது. கார் திருத்துற கராச்காரன் ஒரு நட்டக் கழட்டி ரெண்டு நட்ட வித்துப்போடுவான்" என்பாய். நீ தையல்காரன், நான் பழுகாமத்து வேளாண்மைக்காரன். இருவருக்கும் கார் என்றால் என்னவென்று தெரியாது. கழற்றினோம், பார்த்தோம், கழற்றின வரிசையில் சாக்கில் அடுக்கினோம், திரும்பப் பூட்டினோம். சில நாள் பூட்டி முடிந்த பிறகும் சாக்கில் சாமான் மிச்சமிருக்கும்.

ஒருவழியாகக் கார் ஓடத் தொடங்கி, கலியாணங்களுக்குப் பொம்பிளை மாப்பிள்ளையை ஏற்றிப் போனது, ஆனால் அதற்கு ஒரு குணம் இருந்தது. சாவியை எடுத்தாலும் எஞ்சின் நிற்காது. எஞ்சினை நிற்பாட்டுகிற காற்றுக் குழாயில் எங்கேயோ ஓட்டை. ஒரு கலியாணத்தில் மாப்பிள்ளையும் பொம்பிளையும் இறங்கிப் போய்விட்டார்கள், நீ சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாய், கார் தன்பாட்டில் உறுமிக்கொண்டிருக்கிறது. பெண்ணின் தகப்பன் ஓடிவந்து, "என்ன கனகசபை, காருக்குள்ள பேய் கீய் இருக்கா?" என்று கேட்டார்.

"பேயில்ல ஐயா, காத்துப் போகுது" என்று சொல்லிக்கொண்டே பொனெட்டைத் திறந்து, உள்ளே கையை விட்டு, ஒரு நெம்புகோலை அமத்தி நிற்பாட்டினாய். பிறகு ஆசுபத்திரியில் கேட்டு வாங்கின சேலைன் குழாயை வெட்டிப் போட்டு அந்த ஓட்டையை அடைத்தோம். இன்றைக்கும் அந்தக் குழாய்தான் கிடக்கிறது. அந்த மனிதர் கேட்ட கேள்விதான் முந்தநாளிலிருந்து என் காதுக்குள் நின்று உறுமுகிறது.

நமக்குள் ஒரு பங்கு பிரிப்பு இருந்தது, நினைவிருக்கிறதா? "சீட் என்ட வேலை, அடி உன்ட வேலை" என்று சொல்லிவிட்டாய். சீட்டு, உறை, கதவுத் துணி, கூரைத் துணி எல்லாம் தையல்காரன் கணக்கு. அடித்தகடு, சில்லு, பிறேக், இரும்பில் பிடிக்கிற கறள் எல்லாம் என் கணக்கு. நான் சீட்டில் கை வைக்க மாட்டேன். நீ என் கறளைப் பற்றிக் கதைக்க மாட்டாய்.

பிறகு கடல் வந்தது.

நீங்கள் அப்போது நாவலடியில் இருந்தீர்கள். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு, நடுவில் ஒரு கீற்று மணல், அதில் உங்கள் வீடு. பள்ளிக்கூட விடுமுறைக்குச் சுதா என் வீட்டில் நின்றாள். அவளைக் கூட்டிப்போக அன்று காலை இருவரும் புறப்பட்டீர்கள். பூமணி பின் சீட்டில் ஏறி, பலகாரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "கெதியா வாங்க" என்று கூப்பிட்டிருக்கிறாள். ரேடியேட்டருக்குத் தண்ணீர் எடுக்க நீ வீட்டுக்குப் பின்னாலிருந்த கிணற்றடிக்குப் போனாய். நீ எடுக்கப் போனது ஒரு போத்தல் தண்ணீர்.

அதற்குள் அலை வந்துவிட்டது. உன்னைத் தென்னை மரம் ஒன்று பிடித்துக்கொண்டது. காரை ஆற்றங்கரைக் கண்ணாமரப் பற்றைக்குள் கண்டெடுத்தோம். பின் கதவு திறந்து கிடந்தது. சீட்டின் உயரத்துக்குக் கடல்மணல் நிரம்பியிருந்தது. அவளைக் காணவில்லை. ஆசுபத்திரி, பள்ளிக்கூடம், கோயில் மண்டபம் என்று பிணங்களைக் கிடத்தியிருந்த இடமெல்லாம் துணியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தோம். எத்தனையோ பேரைப் பார்த்தோம். அவளைக் காணவில்லை.

அந்தக் காரை இரும்புக்காரனுக்குப் போடச் சொல்லித்தான் எல்லாரும் சொன்னார்கள். நீ கேட்கவில்லை. மாடு கட்டி இழுப்பித்துப் பழுகாமத்துக்குக் கொண்டுவந்தாய். "மச்சான், உப்புத்தான் எதிரி. உப்ப எடுத்துட்டா இரும்பு பிழைக்கும்" என்றாய். எஞ்சினுக்குள் இருந்த தண்ணீரை வடித்து, டீசல் ஊற்றிக் கையாலேயே சுற்றினோம். வயரை வயராக நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டோம். அடித்தகட்டில் இருந்த றப்பர் மூடிகளை எல்லாம் கழற்றிவிட்டுக் கிணற்று நீரை வாளி வாளியாக ஊற்றினோம். கீழே வடிகிற தண்ணீரை நீ விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பாய். உப்புக் கரித்தால், "மறுகாலும் ஊத்து" என்பாய்.

அள்ளின மணலை நீ வேலியோரம் குவித்து வைத்து, மா அரிக்கிற அரிதட்டில் அரித்துக்கொண்டிருந்தாய். என்ன தேடுகிறாய் என்று கேட்டேன். "தோடு" என்றாய். பூமணியின் தோடு கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை. உன் முகத்தைப் பார்த்து யாரால் கேட்க முடியும்?

சீட்டுகளை நீ தனியாகத்தான் தைத்தாய். கிட்ட யாரையும் விடவில்லை. தைத்துப் பூட்டி, பின் சீட்டின் கொளுக்கியைக் கம்பியால் முறுக்கிக் கட்டினாய். அது ஆடும், அதனால் கட்டுகிறேன் என்றாய். சீட் உன் வேலை. நான் ஏன் கேட்கப் போகிறேன்?

மச்சான், அன்றிலிருந்து அந்தக் காரின் பின் அடித்தகடு என்னை விடவில்லை. முன்பக்கம் இரும்பு மாதிரி நிற்கும், பின்பக்கம் மட்டும் அப்பளம் மாதிரி உதிரும். டீசல் பரல் தகட்டை வெட்டி, துளை போட்டு, றிவெட் அடித்து, தார் பூசி மூடுவேன். அடுத்த மாரி முடிய அதே இடம் ஈரமாய், சிவப்பாய், பொருக்காய் நிற்கும். மழை ஒழுகுகிறதா என்று கண்ணாடி றப்பரைப் பார்த்தேன். சில்லுத் தண்ணீர் அடிக்கிறதா என்று பார்த்தேன். நான் கீழே படுத்துக்கொண்டு கடலையும் கறளையும் தூஷணத்தில் ஏசுவேன். நீ குந்தியிருந்து றிவெட்டை ஒவ்வொன்றாக நீட்டுவாய்.

உனக்குத் தெரியும், மச்சான். தெரிந்துகொண்டுதான் றிவெட்டை நீட்டினாய்!

கார் மறுபடி கலியாணங்களுக்கு ஓடத் தொடங்கியது. முன்பு நீ எதற்கும் கொடுப்பாய். கடல் வந்ததற்குப் பிறகு செத்த வீட்டுக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டாய். எத்தனை பேர் கெஞ்சினார்கள். "கலியாணத்துக்கெண்டா வாறன், பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கெண்டா வாறன். இதுக்கு வேண்டாம்" என்பாய். மனம் நொந்தவன், சாவைப் பார்க்க மாட்டாமல் சொல்கிறான் என்று நான்தான் ஊருக்குச் சமாதானம் சொன்னேன்.

பிறகு சண்டை ஆற்றுக்கு மேற்கே, எங்கள் படுவான்கரைக்கு வந்தது. ஊரே எழும்பி ஓடியது. டீசல் கிடைக்காமல் தேங்காய் எண்ணெயைத் துணியில் வடித்துக் கலந்து ஊற்றினோம். கார் பலகாரம் பொரிக்கிற வாசத்தோடு ஓடியது. நடக்க ஏலாதவர்களை ஏற்றினோம். பின் சீட்டில் இரண்டு கர்ப்பிணிகளும் ஒரு ஆட்டுக்குட்டியும்.

பாலத்தடிச் சோதனைச் சாவடியில் ஒரு ஆமிக்காரன் மறித்தான். எல்லாரையும் இறங்கச் சொன்னான். டிக்கியைத் திறந்து பார்த்தான். பின் சீட்டில் துவக்கு முனையால் தட்டி, "சீட் தூக்கு" என்றான்.

சாவடி என்றால் சாறனை இறக்கிவிட்டு, பல்லைக் காட்டிக்கொண்டு, சொன்னதெல்லாம் செய்கிறவன் நீ. அன்று நீ கதவுக்கு முன்னால் கையை விரித்து நின்றாய். "சேர், சீட் தூக்க ஏலாது சேர். என்னை வேணுமெண்டா அடிங்க சேர்" என்றாய். அவன் துவக்கைத் திருப்பினான். எனக்கு மூத்திரம் போய்விட்டது. பொய்யில்லை, சாறன் நனைந்துவிட்டது.

அந்த நேரம் ஒரு கர்ப்பிணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ அம்மா" என்று றோட்டில் சரிந்தாள். ஆமிக்காரன் பதறிப்போய், "போ, போ, ஹொஸ்பிட்டல் போ" என்று கையைக் காட்டினான். பாலம் தாண்டி வந்ததும் அவள் நிமிர்ந்து இருந்துகொண்டு சொன்னாள்: "எனக்கு நோவே இல்ல மாமா. அவன ஏமாத்தத்தான் விழுந்தன். ஒரு சீட்டுக்காகச் சாகப் பாக்கிறீங்க, விசரா உங்களுக்கு?"

நீ கியரை மாற்றினாய். ஒரு தையல்காரன் தான் தைத்த சீட்டுக்காக உயிரைக் கொடுக்கப் பார்த்தான் என்று நானும் பிறகு பலருக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

சண்டை முடிந்த அன்று நாம் பட்டணத்தில் நின்றோம். பிறேக் றப்பர் வாங்க வந்தோம். தெருவில் யாரோ வெடி கொளுத்தினார்கள். சந்தோச வெடிதான், ஆனால் அந்தச் சத்தத்துக்கு நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காரடியில் இருந்துவிட்டாய். லைசன்ஸ் இல்லாத நான் உன்னைப் பின் சீட்டில் கிடத்தி ஆசுபத்திரிக்கு ஓட்டினேன். கண்ணாடியில் பார்த்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையால் சீட்டைத் தட்டிக்கொண்டே இருந்தாய். பிள்ளையை நித்திரையாக்குகிற மாதிரி.

காரைத் தட்டிக் கொடுக்கிறாய் என்று நினைத்தேன். ஆசுபத்திரி வாசலில் நிற்பாட்டும்போது கை நின்றிருந்தது.

இனி முந்தநாள் கதை. கலியாணத்துக்குக் காரைச் சரிபார்க்கக் கீழே படுத்தேன். பின் அடித்தகட்டில் விரலை வைத்தேன், விரல் உள்ளே போய்விட்டது. பொம்பிளை மாப்பிள்ளையோடு சீட் றோட்டில் விழுந்தால் எங்கள் குடி மானம் என்னாகும்? கீழிருந்து அடைத்து இனிப் பயனில்லை, மேலிருந்துதான் தகடு வைக்க வேண்டும். அதற்குச் சீட்டைத் தூக்க வேண்டும். "கோவிக்காத மச்சான்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டுதான் நீ கட்டின கம்பியைக் குறட்டால் வெட்டினேன்.

தூக்கினால், கீழே ஒரு பொதி. தலையணை அளவு, துணியில் இறுக்கித் தைத்தது, பாரமானது.

எங்கள் ஊரில் சீட்டுக்குக் கீழே பாரமான பொதி கிடந்தால் மனிதன் என்ன நினைப்பான்? சீட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். முழங்கால் நோவெல்லாம் மறந்து ஆற்றங்கரை வரைக்கும் ஓடிப்போய்க் குப்புறப் படுத்துக் காதைப் பொத்திக்கொண்டேன். ஒரு கொக்கு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒன்றும் வெடிக்கவில்லை.

படுத்துக்கிடந்தபடியே யோசித்தேன். அந்தத் துணி சிவப்பு. கரை சரிகை. அதைச் சுற்றி ஓடின தையல்... மச்சான், எனக்கு ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாது. ஆனால் உன் தையல் தெரியும். நீ முடிக்கிற இடத்தில் பின்னால் வந்து, மறுபடி முன்னால் போய், நூலை உள்ளே ஒளிப்பாய். என் சட்டை எல்லாவற்றிலும் அது இருக்கிறது.

எழும்பித் திரும்பி வந்தேன். அது பூமணி கலியாணத்தன்று உடுத்த கூறைச் சேலை. எங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்த கூறையைத்தான் கறையான் அரித்துவிட்டது, எறிந்துவிட்டேன் என்று சொன்னாய். அடியில் ஈரத்தில் துணி இற்றிருந்தது. விரல் பட்டதும் கிழிந்து, உள்ளே இருந்தது என் கையில் கொட்டியது. கடல்மணல். அரித்து, கல்லும் குப்பையும் எடுத்து, மாப்போல இருந்த மணல். நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

உப்புத்தான் எதிரி என்று சொன்னவன் நீ. வடிகிற நீரை நக்கிப் பார்த்தவன் நீ. அவள் இருந்த சீட்டில் கிடந்த மணலை அள்ளி, அதையே அவள் உடம்பென்று எண்ணி, சுமங்கலியாய்ப் போனவளுக்குப் போர்த்த வேண்டிய கூறையைப் போர்த்தி, அதே சீட்டின் கீழே வைத்துத் தைத்துவிட்டாயா? அது மாரிக்கு மாரி ஈரத்தைக் குடித்து உன் காரைத் தின்ன விட்டாயா? நான் அடைக்க அடைக்க என் தங்கச்சியா அந்தத் தகட்டை அரித்துக்கொண்டிருந்தாள்?

எனக்குச் சொல்லியிருக்கலாமே, மச்சான். அவள் எனக்கும் தங்கச்சிதானே?

அடுத்த பயம் அதைவிடப் பெரிது. அந்தச் சீட்டில் எத்தனை சோடிகள் மாலையும் கழுத்துமாய் இருந்து போனார்கள்! சாவுத் துடக்கு வீட்டு வாசலைக்கூட மிதிக்காமல் சுற்றிப் போகிற சனம். பிணத்துக்குச் சமமான ஒன்றின் மேல் முதல் சவாரி போயிருக்கிறார்கள். ஒவ்வொரு சோடியாய் நினைத்துப் பார்த்தேன். எல்லாரும் இருக்கிறார்கள், பிள்ளை குட்டியோடு இருக்கிறார்கள். ஒருத்தன்தான் பெண்சாதியை விட்டு ஓடினான். அவன் கலியாணத்துக்கு முன்னமே ஓடப் பார்த்தவன், அதைக் காரின் கணக்கில் எழுத ஏலாது.

அதே சீட்டில்தான் உன் மகள் மணவறைக்குப் போகப்போகிறாள்.

சொல்வதா, விடுவதா? சொன்னால் பிள்ளை இடிந்துபோகும். சம்பந்தி வீட்டுக் காதுக்குப் போனால் கலியாணமே நின்றுவிடும். ஒருவருக்கும் தெரியாமல் ஆற்றில் கரைத்துவிடலாம் என்று பொதியைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். இறங்கிவிட்டேன், கையைத் திறக்க முடியவில்லை. நான் அண்ணன். கரைக்க வேண்டியது வயிற்றில் பிறந்த பிள்ளை. அவள் உரிமையை நான் எப்படித் தண்ணீரில் விடுவது?

"மாமா, ஆத்துக்குள்ள என்ன செய்றீங்க? அது என்ன?" என்று கரையிலிருந்து ஒரு சத்தம்.

சுதா.

ஏறி வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பொதியை வாங்கி மடியில் வைத்தாள். கரைச் சரிகையைத் தடவினாள். தையலைத் தடவினாள். கலியாணத்துக்கு உடுக்க அம்மாவின் கூறை இல்லையே என்று பெட்டி பெட்டியாய்த் தேடிக்கொண்டு திரிந்த பிள்ளை. அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. காரின் பக்கம் திரும்பினாள்.

"மாமா, அம்மாக்குக் கலியாண வீடெண்டா உசிர்தானே?"

"ஓம் புள்ள. அழைக்காட்டியும் போவாள்."

"அப்ப அப்பா அம்மாவ ஒரு கலியாணமும் விடாமக் கூட்டிக்கிட்டுப் போயிருக்கிறார். செத்த வீட்டுக்கு மட்டும் கூட்டிக்கிட்டுப் போகல்ல."

இத்தனை வருசமாய்ப் பக்கத்தில் இருந்து றிவெட் அடித்தவன் நான். எனக்கு அது தெரியவில்லையே.

"இத இப்ப கரைக்க வேண்டாம்" என்றாள். "ஊரில ஆர் ஆரோட கலியாணத்துக்கோ போன அம்மா, என்ட கலியாணத்துக்கு ஏன் வரப்படாது?"

"உன்ட மாமியார்?"

"மாமியிட்ட நானே சொல்லுவன். சொல்லாம ஏத்திக்கிட்டுப் போனா அது களவு."

அன்று பின்னேரமே போனாள். நான் கூடப் போனேன், வாசலில் நின்றுவிட்டேன். அந்த மனுசி கேட்டு முடித்து, வெற்றிலைத் தட்டை அப்படியும் இப்படியும் நகர்த்தினா. பிறகு சொன்னா: "எனக்கு நெஞ்சு திக்கெண்டுதான் இருக்கு புள்ள. சரியெண்டு சொல்ல வாய் வரல்ல. ஆனா தாய வீட்ட விட்டுட்டு வா எண்டு ஒரு புள்ளையிட்ட நான் எப்படிச் சொல்ல?" அவ்வளவுதான். இன்னும் அவவுக்குப் பயம் போகவில்லை, எனக்கும் போகவில்லை. பயத்தோடுதான் கலியாணம் நடக்கும்.

எழுதுகிற கை யாருடையது என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும். "மெதுவாச் சொல்லுங்க மாமா, மை பரவுது" என்கிறாள். மை தன்பாட்டில் பரவவில்லை என்பது எனக்குத் தெரியும். நீ சொல்லாமல் போனதை தன் கையாலேயே எழுதி ஊருக்குச் சொல்ல வேண்டும் என்றாள். அந்தச் சீட்டில் போன சோடிகளே, இதை வாசித்தால் கோபம் வரும், வரட்டும். வந்தால் என்னிடம் வாருங்கள். ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். அன்று உங்களோடு வந்தவள் கலியாணப் பலகாரம் பொதியில் கட்டிக்கொண்டு போக மட்டுமே ஆசைப்பட்டவள். வேறு எதற்கும் இல்லை.

இனி வேலையைக் கேள். உன் பங்கிலும் என் பங்கிலும் நான்தான் கை வைத்தேன், கோவிக்காதே. அழுகின தகட்டை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்தேன். கிணற்று நீரை ஊற்றி ஊற்றிக் கழுவினேன். வடிந்ததை நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பில்லை. புதுத் தகடு மேலிருந்து வைத்து றிவெட் அடித்து, தார் பூசி, அதன் மேல் றப்பர் விரித்திருக்கிறேன். நீ நின்றால் ஆடிப் பார்ப்பாய். நானும் ஏறி நின்று ஆடிப் பார்த்தேன்.

மணலைச் சுதா வெயிலில் உலர்த்தி, ஊறுகாய் போடுகிற பெரிய கண்ணாடிச் சாடியில் போட்டு, வாயை மெழுகால் அடைத்தாள். இனி அந்த உப்பு இரும்பைத் தொடாது. பூமணியும் இப்போதைக்குக் காரை விட்டு இறங்க வேண்டியதில்லை. கூறையில் இற்றுப்போகாமல் கிடந்த கரையைச் சுதா வெட்டி, உன் பழைய மெசினிலேயே தன் கூறையின் உட்பக்கத்தில் வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள். முடிக்கிற இடத்தில் பின்னால் வந்து, முன்னால் போய், நூலை ஒளிக்கிறாள். அதை அவளுக்கு யார் காட்டிக் கொடுத்தது, மச்சான்?

ஒரு வாக்குத் தருகிறேன். தையில் சாடி பின் சீட்டின் கீழ் இருக்கும், பூமணி தன் மகளை மணவறை வரை கொண்டுபோய் விடுவாள். தாயை இழந்தவர்கள் கஞ்சி குடிக்கிற சித்திராபூரணை அன்று, மகளும் மருமகனும் நானும் அதே காரில் முகத்துவாரம் போவோம். கடல் கொண்டுவந்து போட்டதைச் சுதா தன் கையால் கடலுக்குத் திருப்பிக் கொடுப்பாள். திரும்பி வரும்போது பின் சீட்டில் யாரையும் ஏற்ற மாட்டேன். கதவை மட்டும் ஒருமுறை திறந்து, காத்திருந்து, மெதுவாய்ச் சாத்துவேன். அன்றைக்கு நீயும் அந்தச் சீட்டைத் தட்டுவதை நிறுத்து. அவள் நித்திரையாகிவிடுவாள்.

பூமணியின் அண்ணன், சுதாவின் தாய்மாமன், உனக்கு என்றைக்கும் மச்சான்,
கந்தக்குட்டி
பழுகாமம்

(மேலே இருக்கிற பெருவிரல் அடையாளம் என்னுடையது. மை அல்ல, உன் காரின் எஞ்சின் ஒயில்.)